கொடிக்கயிற்றில் நாலு பேர்

பெங்களூரு கௌதமபுரத்துப் பையனுக்குக் கால்பந்து ஆடத் தெரியாது என்றால் அங்கிருக்கும் பேலே சிலையே சிரிக்கும். நம் பள்ளி அணியில் நான் ஸ்டாப்பர், பின்வரிசை நடுவில் நின்று எதிரியைத் தடுப்பவன். பழைய கோச் சாரின் திட்டம் ரொம்ப எளிது. ஆளுக்கு ஒரு எதிரி. அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே போக வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் ஓங்கி ஓர் உதை. மற்றதை ஃபார்வர்டுகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் முதல் நாள் பந்தைத் தொடவே விடவில்லை. பெஞ்சில் பதினோரு சோடா மூடிகளைப் பரப்பினார். துருப்பிடித்தது நான். அதை விரலால் தள்ளி நடுக்கோட்டருகே வைத்தார்.

“சார், பின்னாடி யாரு?”

“கோலிதான். ஆளைப் பாக்காதே, இடத்தைப் பாரு.”

முதல் மேட்சிலேயே நாலு கோல் வாங்கினோம். கோலியைத் தவிர எங்கள் எல்லோரையும் தாண்டி நிற்கும் எதிரிக்குப் பந்து போனால் ஆஃப்சைடு, ஆட்டம் செல்லாது. நாங்கள் மூன்று பேக்குகள், அதாவது பின்வரிசைத் தடுப்பாளர்கள், முன்னே ஏறி, ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினால், லெஃப்ட் பேக் பழைய பழக்கத்தில் இரண்டடி பின்னால் நிற்பான். அப்புறம் எங்கே ஆஃப்சைடு? பழைய சாரே வேண்டும் என்று ஹெட்மாஸ்டருக்கு மனு எழுதினோம். எழுதியவன் நான்தான்.

மறுநாள் புதிய சார் துணி காயப்போடும் கொடிக்கயிற்றோடு வந்தார். நாலு பேக்குகளின் இடுப்பையும் சேர்த்துக் கட்டி, பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். ஒருவன் நின்றால் மூன்று பேர் விழுவோம். ஒரு மாதம் முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஆள் ஒருவரும் மாறவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிதான் மாறியது. அதற்குப் பிறகு ஒரே மேட்சில் நாலு கோல் வாங்கியதில்லை.

2016இல் பெங்களூரு எஃப்சி கிளப்பில் கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட் போய் ஆல்பர்ட் ரோகா வந்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று சீசனில் இரண்டு முறை அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்தவரின் ஓட்டமும் உடல்பலமும் கொண்ட ஆட்டத்தை விட்டு, பின்னாலிருந்தே பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோகப் பழகுவது லேசா? ஆனால் அக்டோபரிலேயே கண்டீரவா ஸ்டேடியத்தில் நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று, ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பை இறுதிக்குப் போய்விட்டார்கள். சுனில் சேத்ரிக்கு இரண்டு கோல். நானோ பேக்குகளுக்கு நடுவே கயிறு தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் லெஃப்ட் பேக் இப்போது மெல்பர்னில் இருக்கிறான். தான் சரியாகத்தான் நின்றதாகவும், நான்தான் அவசரப்பட்டு ஏறியதாகவும் இன்றும் சாதிக்கிறான்.