ஹைலக்ஸின் ஹாண்ட் பிறேக்கும் நாலு பின்னேரமும்

கண்டிக்குப் போகும் வழியில், மாத்தளை கழிந்து பலகடுவ ஏற்றத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஹாண்ட் பிறேக்கை வயிற்றுக்கு நேரே வரும்வரை இழுத்துவிட்டு இறங்கினேன். கதவைச் சாத்தக்கூட இல்லை, பிக்கப் மெல்லப் பின்னால் போகத் தொடங்கிவிட்டது. மருமகன் பாய்ந்து ஒரு கல்லைத் தூக்கிப் பின் சில்லுக்குக் கீழே போட்டான். போட்டுவிட்டுக் கேட்டான்: “மாமா, இது ஹாண்ட் பிறேக்கோ, இல்லாட்டி தொங்கிப் பிடிக்கிறதுக்கு வைச்ச பிடியோ?”

என்னுடையது 1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், இரண்டு வரிசை இருக்கை வைத்த டபிள் கப், நாலு சில்லும் இழுக்கும் வகை. ஹாண்ட் பிறேக் இருக்கைகளுக்கு நடுவில் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே இழுத்துத் திருகும் பிடி. யாழ்ப்பாணத்தில் உரும்பிராயிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றுவது, கிழமைக்கு ஒருதரம் கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதியால் வேலணைக்குப் போய் வருவது. இவ்வளவுதான் அதன் வாழ்க்கை. இந்த ஓட்டத்தில் ஹாண்ட் பிறேக்குக்கு வேலையே இல்லை. எங்கள் குடாநாட்டில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை, அதுவும் பெயரில் மட்டும். கியரில் விட்டுவிட்டு இறங்கினால் வண்டி நிற்கும். வருடக்கணக்காக அப்படித்தான் இறங்கினேன்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பிடி நீளமாக வருகிறதென்று வண்டிக்குக் கீழே படுத்து, கேபிள் நட்டை நன்றாக முறுக்கிவிட்டவனும் நான்தான். பத்து நிமிட வேலை. பிடி உடனே இறுகியது. எனக்குப் பெருமை வேறு.

கண்டியால் வந்தவுடன் ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணையிடம் போனேன். இப்போது கண் தெளிவில்லை என்று கராஜை மூடிவிட்டார், ஆனால் காது போதும் அவருக்கு. பிறேக் பெடலை ஒருதரம் மிதிக்கச் சொன்னார், ஆழமாகப் போனது. விட்டுவிட்டு உடனே மறுபடி மிதிக்கச் சொன்னார், பாதியிலேயே நின்றது. பின் சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டிதான் ட்ரம்; அதற்குள் இருந்து விரிந்து அதை அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டுகள்தான் சூ. “தம்பி, பின் சூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு. நீ கேபிளிலை கை வைச்சனியோ?” என்றார். ஓம் என்றேன். சிரித்துவிட்டு, “அப்ப கேபிளை முழுக்க இளக்கு. சூவைச் சரிப்பண்ணிப்போட்டு கடைசியா வா கேபிளுக்கு” என்றார்.

அவர் சொன்ன காரணம்தான் இந்த வேலை முழுவதற்கும் ஆணிவேர். இந்த வகை ஹைலக்ஸில் பின் பிறேக்கின் தேய்மானத்தை ஈடுசெய்கிற ஓட்டோ அட்ஜஸ்டர், ஹாண்ட் பிறேக்கை இழுக்கும்போதுதான் வேலை செய்யும். ட்ரம்முக்குள் இரண்டு சூவுக்கும் நடுவே ஒரு திருகாணி, அதன் நடுவில் பல்லுச் சில்லு. ஹாண்ட் பிறேக் லீவர் அசையும்போது ஒரு சிறிய தகடும் கூட அசையும். இடைவெளி கூடியிருந்தால் தகடு பின்வாங்கி அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே திருகாணி சற்று நீளும், சூ ட்ரம்மை நெருங்கும். நான் ஹாண்ட் பிறேக்கை இழுப்பதேயில்லை, ஆகவே வருடக்கணக்கில் ஒரு பல்லும் நகரவில்லை. போதாததற்குக் கேபிளை முறுக்கியதில் லீவர் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்ப முடியவில்லை. திரும்பாவிட்டால் தகடு எப்படி அடுத்த பல்லைப் பிடிக்கும்? இருந்த ஒரே வழியையும் நானே அடைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் தொடங்கினேன். ஹாண்ட் பிறேக்கை விட்டுத்தான் இந்த வேலை, ஆகவே முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆகவேண்டும். பின் அக்சிலை ஜாக்கில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்ராண்ட் கொடுத்து, நம்பிக்கைக்கு ஒரு பனங்குற்றியும் தள்ளிவிட்டேன். முற்றத்தில் செம்மண், ஸ்ராண்டின் கால் புதையாமல் கீழே பலகை போட்டது நல்லதாகப் போயிற்று.

வலது ட்ரம் அதிகம் சோதிக்கவில்லை. ட்ரம்மின் முகப்பில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு, ஒன்றுக்கு அரைச் சுற்று, மற்றதுக்கு அரைச் சுற்று என்று மாறிமாறி இறுக்கினால் ட்ரம் தானே வெளியே தள்ளுப்படும். ஒன்றை மட்டும் இறுக்கினால் சரிந்து இறுகிக்கொள்ளும்.

இடதுதான் பிடிவாதம். ட்ரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நின்ற கரை சூவில் இடிக்கும். அதனால் முதலில் சூவை உள்ளே இழுக்கவேண்டும். சூக்களைத் தாங்கும் பின்தட்டில் ரப்பர் மூடி போட்ட சிறிய நீள்துளை இருக்கிறது. அதனூடாக ஒரு மெல்லிய ஸ்குறூட்ரைவரால் தகட்டைத் தள்ளிப்பிடித்து, இன்னொன்றால் பல்லுச் சில்லைத் திருப்பவேண்டும். தகட்டைத் தள்ளாமல் திருப்பினால் பல்தான் சிதையும். நான் திருப்பினேன், சில்லு அசையவில்லை, துருப்பிடித்து ஒட்டிவிட்டது. துரு இளக்கும் ஒயிலை அடித்துவிட்டு அன்றைக்கு எழும்பிவிட்டேன். மறுநாள் மரக்கட்டை வைத்துச் சுற்றிச்சுற்றித் தட்டத் தட்ட, சோறு வடித்த பானை மூடிபோல ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது.

உள்ளே பார்த்தால் எங்கள் தோட்டத்தின் பாதி இருந்தது. பிறேக் தூளும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்து, பழைய கருப்பட்டி நிறத்தில் அடைபட்டிருந்தது. மருமகன் எயார் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்; வேண்டாம் என்று தடுத்தேன். சூவில் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும், ஊதினால் நேரே நெஞ்சுக்குள் போகும். சவர்க்காரத் தண்ணீர் அடித்து நனைத்து, துணியால் துடைத்து எடுத்தோம். துணியையும் பையில் கட்டித்தான் எறிந்தோம்.

ட்ரம்மை லேத் கடைக்குக் கொண்டுபோய் அளந்தேன். புதிதில் உள்விட்டம் 295 மில்லிமீற்றர், 297க்கு மேல் போனால் பாவிக்கக்கூடாது. என்னுடையவை இரண்டும் 296க்குச் சற்று மேலே. தப்பியது. லைனிங் வலதில் மூன்று மில்லிமீற்றர் அளவு, இடதில் அதைவிடக் கூட. இடது பக்கம் வேலையே செய்யாமல் சம்பளம் வாங்கியிருக்கிறது! ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே வந்தால்தான் மாற்றியே ஆகவேண்டும். பழையதையே சாண்ட்பேப்பரால் தேய்த்துப் போடலாம் என்று முடிவெடுத்தேன்.

பிரதான குற்றவாளி இனித்தான் வருகிறது. பின்தட்டுக்கு வெளியே, கேபிள் வந்து கொளுவும் இடத்தில் வளைந்த ஒரு இரும்பு இருக்கும். பெல்கிராங்க் என்பார்கள். கேபிளின் இழுவையைத் திசை மாற்றி ட்ரம்முக்குள் அனுப்புவது இதுதான். அதன் ரப்பர் உறை இடது பக்கம் கிழிந்து கிடந்தது. காற்றுக்காலத்தில் பண்ணைத் தாம்போதியில் கடல் தண்ணீர் தூறலாக அடிக்கும். அதெல்லாம் நேரே இதற்குள் போயிருக்கிறது. கையால் அசைத்தேன், சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. கழற்றி, ஊசியை வைசில் வைத்து அடித்து எடுத்து, துருவை உரஞ்சி, கிறீஸ் நிரப்பிப் பூட்டியபிறகு ஒரு விரலால் ஆட்ட முடிந்தது. இது இறுகிக் கிடந்தால் கேபிளை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. வலது பெல்கிராங்க் இறுகவில்லை, ஆனால் வறண்டு கிடந்தது. அதையும் கழற்றினேன்.

பெடலை மிதிக்கும்போது சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் ரப்பரை மெல்ல விலக்கிப் பார்த்ததில் இடது உள்ளே பிறேக் ஒயில் கசிந்து ஈரம். லைனிங்கில் இன்னும் படவில்லை. ரப்பர் கப் வாங்கப் போன கடையில் பார்த்தவுடனேயே அளவு தெரியும் என்று தந்தார்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் ஆடுகிறது. இரண்டாம் முறை பழைய கப்பைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கினேன். ஒரு பின்னேரம் போச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பழைய வண்டிகளின் சாமான் எல்லாம் தங்கம் மாதிரி. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனர் ஓட்டிய ஊருக்கு இது பெரிய விஷயமில்லை என்று அண்ணை சொல்வார். அவருக்கென்ன, சொல்லலாம்.

திரும்பப் பூட்டுவதில் ஸ்பிரிங்குகள்தான் கஷ்டம். அதற்கான ஆயுதம் என்னிடம் இல்லை. மெல்லிய நைலோன் கயிற்றைத் தடமாகப் போட்டு, மருமகன் இழுக்க நான் கொளுக்கியைத் துளைக்குள் தள்ளினேன். பின்தட்டில் சூ உரசும் மேடுகளுக்கு வெப்பம் தாங்கும் கிறீஸ் சன்னமாகப் பூசினோம்; லைனிங்கில் விரல்கூடப் படக்கூடாது. பிறேக் குழாயில் புகுந்த எயாரும் எடுத்தோம். பின் அக்சிலுக்கு மேலே பாரத்துக்கு ஏற்பப் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது, அதிலும் எயார் எடுக்க ஒரு முனை உண்டு. அதை விட்டால் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

பூட்டி முடித்து, அட்ஜஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஹாண்ட் பிறேக்கை இழுத்து விட்டேன். கேபிள் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் லீவர் அசையப் போதும். பத்துத் தரம், இருபது தரம். ட்ரம்மைச் சுற்றிப் பார்த்தால் முன்பைவிட லேசாகச் சுற்றுகிறது! மறுபடி இருபது தரம். இன்னும் லேசு. இறுக வேண்டியது இளகுகிறது. தலை விறைத்துவிட்டது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் கதிரையில் இருந்து, நான் இழுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே தகரத்திலையோ கழுவினியள்?”

மருமகன் நிலத்தைப் பார்த்தான். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றுதான் இருந்தது, அவன் இரண்டையும் அதில்தான் போட்டான். போடச் சொன்னது நான். இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். மாறிப் போட்டால் தகடு பல்லைத் தள்ளும் ஒவ்வொரு தரமும் திருகாணி நீளாமல் குறுகும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மற்றப் பக்கத்தைக் கழற்றவேண்டும் என்று அண்ணை முதலிலேயே சொன்னவர். பெல்கிராங்க் அவசரத்தில் இரண்டையும் திறந்துவிட்டேன். மறுபடி ட்ரம், மறுபடி ஸ்பிரிங், மறுபடி நைலோன் கயிறு. இருட்டிவிட்டது, ரோர்ச் வெளிச்சத்தில் முடித்தோம்.

அடுத்த பின்னேரம் அளவு வைத்தல். துளையூடாகப் பல்லுச் சில்லைத் திருப்பித் திருப்பி ட்ரம் கையால் சுற்ற முடியாமல் நிற்கும்வரை இறுக்கி, தகட்டைத் தள்ளிப்பிடித்து எட்டுப் பல் இளக்கினேன். பெடலை நாலைந்து தரம் மிதித்துச் சூவை நடுவில் இருத்தி, மறுபடி சுற்றிப் பார்த்தேன். “ஸ்... ஸ்...” என்று ஒரு இடத்தில் மட்டும் மெல்ல உரசியது, சரி. பிறகு ஹாண்ட் பிறேக்கை இழுத்து இழுத்து விட, ட்ரம்முக்குள் “டிக்” என்று ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம் கேட்டது. வலதில் மூன்று, இடதில் ஐந்து. பிறகு சத்தம் நின்றது. அந்தச் சத்தத்தை இந்த வண்டியில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

கடைசியாகக் கேபிள். பெல்கிராங்குகள் இரண்டும் தங்கள் இடத்தில் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே, தொய்வு போகும்வரை மட்டும் நட்டைத் திருப்பினேன். முன்பு முறுக்கியதில் அரைவாசிகூட வேண்டியிருக்கவில்லை. முன்பு பிடி கடைசிவரை வந்தும் பிடிக்காது. இப்போது 13ஆவது கிளிக்கில் நின்றது.

பரிசோதிக்கச் சரிவுக்கு எங்கே போவது? பக்கத்து அரிசி ஆலையில் லொறி ஏற்றும் சாய்தளம் இருக்கிறது. கேட்டுவிட்டு, பின்னால் எட்டு நெல்மூட்டையோடு ஏற்றி நிறுத்தி, கியரை நியூட்றலில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்தேன். மருமகன் கல்லோடு தயாராக நின்றான். அசையவில்லை. ஐந்து நிமிடம் நின்றும் பார்த்தோம்.

பிறகு கோப்பாயால் கைதடிப் பக்கம் ஒரு ஓட்டம், சாவகச்சேரி போய் வந்து, ட்ரம்களில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். வலதில் மெதுவாக ஆவியானது. இடதில் சுர் என்றது. இடது கொஞ்சம் இறுக்கம். இரண்டு பல் இளக்கி மறுபடி ஓட, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தன.

இப்போது சந்தையில் நிறுத்தினாலும் வீட்டு முற்றத்தில் நிறுத்தினாலும் பிடியை இழுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். இடது பெல்கிராங்கின் ரப்பர் உறை இன்னும் கிடைக்கவில்லை. சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, கிறீஸ் பூசிப் போர்த்தி, கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். வேலணைக்கு இரண்டு தரம் போய் வந்தாயிற்று. கட்டு இன்னும் இளகவில்லை.