88 மைலும் 1.21 கிகாவாட்டும்

'பேக் டு தி ஃப்யூச்சர்' படங்களில் விஞ்ஞானி டாக் பிரவுன் காலப் பயணத்துக்காகக் கட்டிய டெலோரியன் காருக்கு இரண்டு பசி. வண்டிக்கு மணிக்கு 88 மைல் வேகம், நம் கணக்கில் 142 கிலோமீட்டர் அளவு. காலம் தாண்ட வைக்கும் கருவியான ஃபிளக்ஸ் கெபாசிட்டருக்கு 1.21 கிகாவாட் மின்சாரம். வேகம் பெட்ரோல் இன்ஜினிலிருந்து, மின்சாரம் தனி வழியில். இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால்தான் பயணம். வண்டி மக்கர் பண்ணும் இடங்களைக் கவனித்தால், பெரும்பாலும் இதில் ஒன்று கைவிட்டிருக்கும்.

ஓட்டுவது சுலபம். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கைப்பிடியைத் திருப்பினால் டைம் சர்க்யூட் உயிர்பெறும். டாஷ்போர்டில் மூன்று வரிசை: சிவப்பு போகவேண்டிய நேரம், பச்சை இப்போதைய நேரம், மஞ்சள் கடைசியாகக் கிளம்பிய நேரம். கீபேடில் தேதியை அடித்தால் சிவப்பில் ஏறும். ஆனால் அடித்த தேதி தானாக அழியாது. டாக் சும்மா காட்டுவதற்கு அடித்த 1955 நவம்பர் 5 அப்படியே நிற்க, 1985இல் காரில் தப்பி ஓடும் அவருடைய இளம் நண்பன் மார்ட்டி கியர் மாற்றும்போது கைப்பிடியில் கை பட்டுவிடுகிறது. மாறுவது காலம் மட்டும், இடம் அல்ல. அதனால் மால் பார்க்கிங்கில் கிளம்பியவன் போய் இறங்குவது பண்ணைக் கொட்டகைக்குள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி ஏன் என்று டாக் சொல்லத் தொடங்குவார். வாட்ச் அலாரம் அடித்து வாக்கியம் பாதியில் நின்றுவிடும். கதாசிரியர்கள் கெட்டிக்காரர்கள். இன்னொரு வேடிக்கை: அன்றைய அமெரிக்க விதிப்படி அசல் டெலோரியனின் ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு முடிந்துவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு பயணத்துக்கு ஒரு புளூட்டோனியம் குப்பி. 1955இல் அது கிடைக்காது, ஆகவே மின்னல். 1.21 கிகாவாட் என்பது மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்ற கணக்கு, மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு அல்ல. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும் என்று வைத்துக்கொண்டால் ஆவது 12.1 லட்சம் ஜூல். வீட்டு மீட்டரில் மூன்றில் ஒரு யூனிட்! அதை மொத்தமாக ஒரே கணத்தில் கொட்டுவதில்தான் சிக்கல். நவம்பர் 12 இரவு 10:04க்கு மணிக்கூண்டில் மின்னல் விழும். கூண்டிலிருந்து இறக்கிய கம்பி தெருவுக்குக் குறுக்கே தொங்கும். காரின் பின்னாலுள்ள கொக்கி அதை 88 மைலில் தொட வேண்டும். அதனால்தான் கிளம்பும் இடத்துக்கு ஒரு கோடு, கிளம்பும் நொடிக்கு ஓர் அலாரம். அலாரம் அடிக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அது வேறு கதை.

பிறகு வரும் மிஸ்டர் ஃபியூஷன் என்ற கருவி, வாழைப்பழத் தோலைப் போட்டாலே போதும், அந்த மின்சாரத்தைத் தந்துவிடும். தரையில் சக்கரம் ஓடுவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மூன்றாம் படத்தில் 1885க்குப் போன இடத்தில் எரிபொருள் குழாய் கிழிந்து பெட்ரோல் போய்விடுகிறது. வாங்க பங்க் கிடையாது. விஸ்கி ஊற்றிப் பார்த்ததில் ஃப்யூல் இன்ஜெக்ஷன் மேனிஃபோல்டு வெடித்ததுதான் மிச்சம். மிஞ்சிய வழி, காருக்கு ரயில் சக்கரம் மாட்டி, நீராவி இன்ஜினைப் பின்னால் வைத்துத் தள்ளுவது. தண்டவாளம் முடியும் இடத்தில் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. 1985இல் முழுப் பாலம் இருக்கும். அதற்குள் 88 வந்தாக வேண்டும். 87 என்றால் பள்ளத்தாக்கு.