ஜாம் போத்தல் வெளிச்சத்தில் ஓர் ஆப்பு

மலர்க்குழுத் தம்பிமார் "கல்லூரிக் காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டதும் முதலில் ஞாபகம் வந்தது ஓர் ஆப்புத்தான். பிரயோக கணிதத்தில் வரும் கணக்கு அது: ஒப்பமான, அதாவது உராய்வே இல்லாத மேசையில் ஆப்பு, அதன் சாய்ந்த முகத்தில் வழுக்கிவரும் துணிக்கை. 94ஆம் ஆண்டு என்னோடு உயர்தரம் எடுத்தவர்களுக்கு விளங்கும். அப்போது தூய கணிதம், பிரயோக கணிதம் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். பௌதிகம், இரசாயனத்தோடு நான்கு. இப்போது இணைந்த கணிதம் என்று ஒன்றுதான். கொடுத்து வைத்த பிள்ளைகள்!

1990 இல் நின்ற மின்சாரம் நாங்கள் சோதனை எழுதும்வரை யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பியில் கோத்த நூல்திரியைக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில் இருந்து யோசிக்க அம்மா விடமாட்டா. "யோசிக்கிறதை இருட்டில யோசி, எழுதேக்க கொளுத்து" என்பா. பொழுதுபடமுன் கணக்கை வாசித்துவிட்டு, முற்றத்தில் படுத்தபடி மனதில் உருட்டுவேன்.

ஆப்பும் அப்படித்தான் பிடிபட்டது. துணிக்கைக்குத் தனி, ஆப்புக்குத் தனி என்று சமன்பாடு எழுதி மூன்று நாள் மறுதாக்கத்தோடு, அதாவது இரண்டும் ஒன்றையொன்று தள்ளும் விசையோடு, மல்லுக்கட்டினேன். ஓர் இரவு, இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பார்த்தேன். கிடையாக வெளிவிசை ஒன்றுமே இல்லை! இடையில் நின்ற மறுதாக்கம் தானாகக் கழன்றுபோனது. ஓடிப்போய் விளக்கைக் கொளுத்தினேன். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கணக்குப் படிப்பித்த சேரிடம் காட்டினால், "படம் எங்கை?" என்றார். விசைகளையும் ஆர்முடுகலையும் பென்சிலால் கீறாதவனுக்கு அவரிடம் புள்ளி கிடையாது, விடை சரியானாலும். எனக்கு அன்று சரியான கோபம். ஆனாலும் கொப்பி முழுக்கப் படம் கீறினேன்.

சோதனை முடிந்ததும் அந்தக் கொப்பியை அடுத்த வகுப்புத் தம்பி ஒருவனிடம் கொடுத்தேன். 1995 ஒக்டோபர் 30, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் அதையும் கொண்டுபோயிருக்கிறான். போன வருடம் லண்டன் ஒன்றுகூடலில் கண்டபோதுதான் சொன்னான்:

"அண்ணை, உங்கட மை எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. பென்சில் படங்கள்தான் மிஞ்சினது. அதை வைச்சுத்தான் நான் படிச்சனான்."