அர்பென்ஸ் வினாவில் நான் சறுக்கிய இடமும் மீண்ட வழியும்

முதுகலை வரலாற்றில் லத்தீன் அமெரிக்கத் தாளை இரண்டாம் முறை எழுதி, சென்ற வாரம் வந்த முடிவில் தேறிவிட்டேன். இனி எழுதப்போகிறவர்களுக்காக, முதல் முறை என்னைக் கவிழ்த்த குவாத்தமாலா வினாவைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

குவாத்தமாலாவின் முன்னாள் அதிபர் ஹகோபோ அர்பென்ஸின் அரசியல் வாழ்வை மதிப்பிடச் சொன்ன அந்த வினாவுக்கு, அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., 1954 ஆட்சிக் கவிழ்ப்பு என்று மூன்று பக்கங்களை நிரப்பினேன். அவரைக் கவிழ்க்க ஹோண்டுராஸ் எல்லையிலிருந்து படையெடுத்த காஸ்தியோ அர்மாஸ் கூட்டி வந்தது சில நூறு பேரைத்தான் என்பதையும் எழுதிவிட்டு, அவ்வளவு சிறிய படையை ஓர் அரசின் ராணுவம் ஏன் விரட்டவில்லை என்று கேட்காமலேயே விடையை முடித்தேன்.

இரண்டாம் முறை, ஒரே தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "ராணுவம் யார் பக்கம்?" என்று பென்சிலால் குறித்து, விடை கிடைக்கும்வரை அடுத்த வரிக்கு நகரவில்லை. வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்தத் தாளைத் தயாரியுங்கள்.

1944 அக்டோபர்: கேப்டன் அர்பென்ஸும் மேஜர் அரானாவும் முன்னின்று சர்வாதிகாரி போன்சேயின் ஆட்சியை வீழ்த்தினர்.
1949 ஜூலை: அர்பென்ஸ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, படைத் தலைவரும் அவருடைய பெரும் போட்டியாளருமான அரானா கொல்லப்பட்டார்.
1951 மார்ச்: தேர்தலில் வென்ற அர்பென்ஸ் அதிபரானார்.
1954 ஜூன் 27: அமெரிக்கா நேரடியாக இறங்கிவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள் போரிட மறுத்ததால் பதவி விலகினார்.

அவரை உயர்த்திய ராணுவமே கைவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிலச் சீர்திருத்தத்தை ஒற்றை வரியில் கடந்துவிடாதீர்கள். 1952 ஜூன் 17இல் வந்த 900ஆம் ஆணை, பெரும் பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை எடுத்து, வரிக்கணக்கில் உரிமையாளரே காட்டியிருந்த மதிப்பைக் கடன் பத்திரங்களாக ஈடு தந்தது. வரியைக் குறைக்க யுனைடெட் ஃப்ரூட் குறைத்துக் காட்டிய மதிப்பே அதற்கு எதிராகத் திரும்பியது. அரசு ஏறத்தாழ 6 லட்சம் டாலர் தர முன்வந்தபோது, அந்த நிறுவனத்துக்காக அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு மேல் கேட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்த அந்த முயற்சியை வெறும் கம்பெனித் தகராறாகச் சுருக்குவது அர்பென்ஸுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பெயர்களில் கவனம் தேவை: அரேவாலோ அர்பென்ஸுக்கு முந்தைய அதிபர், அரானா கொல்லப்பட்டவர், அர்மாஸ் படையெடுத்தவர். நேரம் மிஞ்சினால், 1971இல் மெக்சிகோவில் அர்பென்ஸ் இறந்ததையும், 2011இல் குவாத்தமாலா அரசு அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டதையும் சேருங்கள்.