யாரும் வாங்காத போன்டியாக்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

மாமனார் போய் ஏழு மாதமாகிறது. இன்றுதான் கராஜை ஒழிக்க எங்களுக்குத் தைரியம் வந்தது. போர்வையை இழுத்தால் 1965 போன்டியாக் ஜிடிஓ கார். கல்யாணமாகி இந்த மிச்சிகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பற்றி ஒரே கதைதான் கேட்டிருக்கிறேன்: "அப்பாவுக்கு அதன் மேல் உயிர். கடைசிவரை விற்க மனம் வரவில்லை." என் கணவர் சொல்வார், நாத்தனார் சொல்வார். மாமியார் மட்டும் சொன்னதில்லை. அதை நான் இன்றுதான் கவனித்தேன்.

வேலைமேசைக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே கத்தையாக நேரச் சீட்டுகள். டிராக் ரேஸில், அதாவது இரண்டு கார் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் பந்தயத்தில், ஓட்டி முடித்ததும் கையில் தருகிற துண்டுக் காகிதம். கால் மைல், அதாவது 1,320 அடியை எத்தனை நொடியில் கடந்தீர்கள், முடிவில் என்ன வேகம் என்று அதில் இருக்கும். மாமனாரின் ஆகச் சிறந்த ஓட்டம் 14.6 நொடி, மணிக்கு 98 மைல். சீட்டுகளுக்கு அடியில் மடித்த செய்தித்தாள் துண்டுகள். எடுப்பதற்குள் மாமியார் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

இந்த வண்டியின் பிறப்பே கொஞ்சம் தில்லுமுல்லு. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் ஒரு பிரிவான போன்டியாக்கில் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் கூட்டம் 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் காருக்குள் வைத்து, 'இது புது மாடல் இல்லை, வேண்டுபவர் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி' என்று 1964 மாடல் வருடத்துக்கு விற்பனைக்கு விட்டது. கூடுதல் விலை சுமார் 296 டாலர். 5,000 போனால் பெரிது என்று நினைத்தார்கள்; முதல் வருடம் 32,450 போனது.

எங்கள் வண்டியில் மூன்று கார்புரேட்டர், 360 குதிரைத்திறன். மதுரையில் என் அப்பா ஓட்டிய அம்பாசடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர். இந்த 389 கன அங்குலம் 6.4 லிட்டர். அம்பாசடரைப் போல நாலு எஞ்சின், ஒரே மூடிக்குக் கீழே!

வீட்டில் வேறு கார் கிடையாதாம். வாரநாளில் மளிகை, பிள்ளைகளுக்குப் பல் டாக்டர், சர்ச். ஞாயிறு மதியம் பின்சீட்டுச் சாமானை எல்லாம் இறக்கிவிட்டு டிராக்வே, அதாவது பந்தய ஓடுதளம். "தக்காளியும் அதில்தான், போட்டியும் அதில்தான்" என்றார் மாமியார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாமியார் இன்று பேசும் மனநிலையில் இருந்தார். டெட்ராய்ட் டிராக்வேக்கு அவர் முதலில் போனது 1959-இல். அந்த வருடமும் அடுத்த வருடமும் டிராக் ரேஸின் தேசியப் போட்டியான நேஷனல்ஸ் அங்கேதான் நடந்தது. அவருக்கு வயது 17, அண்ணனோடு போனார். அப்போது விளக்கு கிடையாது. இரண்டு காருக்கும் நடுவில் ஒரு ஆள் கொடியோடு நிற்பார். கொடியை வீசியபடியே எம்பிக் குதிப்பார். கார்கள் இரண்டு பக்கமும் சீறிப் போகும். 'கிறிஸ்துமஸ் மரம்' எனும் விளக்குக் கம்பம் 1963-இல்தான் வந்தது. "மரத்தைப் பார்த்துப் புறப்படுவது சரி. ஆனால் அந்த ஆளின் தாவலைப் பார்க்கத்தான் நான் போனேன்" என்றார். ரேடியோ விளம்பரக் குரலில் "சண்டே!" என்று கத்தி, "சிப்லி அட் டிக்ஸ்!" என்று முடித்தார். ஓடுதளம் இருந்த தெருமுனை அது. பூனை பயந்து ஓடிவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெட்டி திரும்ப என் கைக்கு வந்தது. செய்தித்தாள் துண்டுகள் இரண்டு, வரி விளம்பரங்கள். 1974 ஜனவரி: '65 ஜிடிஓ, நல்ல நிலை, 400 டாலர்.' ஏப்ரல்: அதே வாசகம், 325.

கணவர் இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் பங்கில் வரிசை நின்ற காலம். பெட்ரோல் கலவையை எஞ்சின் எவ்வளவு நெருக்குகிறது என்று சொல்லும் அழுத்த விகிதம் இதில் 10.75, அதிகம்தான். மலிவுப் பெட்ரோல் ஊற்றினால் 'டக் டக்' என்று தட்டும். காப்பீட்டுக்காரர்களும் குதிரைத்திறனைப் பார்த்துப் பணம் ஏற்றியிருந்தார்கள். "தினமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை" என்றார் மாமியார். "அப்புறம் போர்வை வாங்கிப் போட்டார். பிள்ளைகளாக ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை."

நாத்தனாருக்குப் போன் போட்டோம். அவர் நம்பத் தயாராக இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ். 1995 முதல் ஆகஸ்டில் நடக்கிறது, பழைய கார்களின் தேர்த் திருவிழா. அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலையில் இன்று ஆமை வேகம். கணவர் ஓட்ட, மாமியார் முன்சீட்டில், நான் பின்னால். பெர்க்லி ஊரைத் தாண்டுவதற்குள் வெப்பமுள் ஏறிவிட்டது. ஒரு கடை வாசலில் ஒதுக்கி, மூடியைத் திறந்துவிட்டு நிழலில் நின்றோம். பெட்ரோல் வாடை துப்பட்டாவில் ஏறிக்கொண்டது.

அறுபது வயதுக்காரர் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து மூன்று கார்புரேட்டரையும் எண்ணினார். அப்புறம் தயங்கித் தயங்கி, விற்பீர்களா என்று கேட்டார்.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"1974-இல் எங்கே ஐயா போயிருந்தீர்கள்?"