ஹெட் கேஸ்கட்டா, சிலிண்டர் ஹெட்டா: பழைய காரின் வாரண்டிக்காக நடத்திய வழக்கு

பழைய காருக்கு ஆறு மாத வாரண்டி தருகிறோம் என்று சொல்லி விற்கும் ஷோரூம்கள் கோயம்புத்தூரில் இப்போது நிறைய இருக்கின்றன. அந்த வாரண்டி எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்ற பேச்சு, வண்டி பழுதாகி நின்ற பிறகுதான் எழுகிறது. அப்படி எழுந்த ஒரு தகராறை மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை கொண்டுசென்று, பழுதுபார்க்கப் போட்ட பணத்தைத் திரும்பப் பெற்றேன். எந்தக் காகிதம் எந்தக் கட்டத்தில் எனக்குத் துணை நின்றது என்பது, இதே நிலையில் இருக்கும் வேறு ஒருவருக்கு உதவும் என்று நம்பியே இதை எழுதுகிறேன். விவகாரம் சமரசத்தில் முடிந்துவிட்டதால் ஷோரூமின் பெயரையும் வண்டியின் பெயரையும் குறிப்பிடவில்லை.

நான் வாங்கியது 2016-ஆம் ஆண்டு மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 2024-இன் தொடக்கத்தில் 4,60,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வண்டியோடு விற்பனை ரசீது, 150 அம்சங்களைச் சோதித்ததாகச் சொல்லும் பரிசோதனை அறிக்கை, நான்கு பக்க வாரண்டி விதிமுறைகள், டெலிவரி நோட் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. இரண்டாம் பக்கத்தில், பொறுப்பேற்கும் பாகங்களாக பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், வால்வுகள், சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), சிலிண்டர் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதி) என்று பட்டியல் இருந்தது. நான்காம் பக்கத்தில், பொறுப்பேற்காதவையாக கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடு), ஆயில் சீல், ரப்பர் ஹோஸ், பெல்ட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட் என்று இன்னொரு பட்டியல் இருந்தது. பின்னால் வந்த வழக்கு முழுவதும் இந்த இரண்டு பக்கங்களுக்கு இடையில்தான் நடந்தது.

மூன்றாம் மாதத்தில், மேட்டுப்பாளையத்தைத் தாண்டி குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு அருகே ஏறிக்கொண்டிருந்தபோது, வெப்பமானியின் முள் மேலே ஏறி எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. உடனே ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு, ரெக்கவரி வேன் வரவழைத்து, அதே நாளில் ஷோரூமின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். மறுநாள் சர்வீஸ் மேலாளர் தொலைபேசியில், “ஹெட் கேஸ்கட் போயிருக்கு சார். கேஸ்கட் வாரண்டில வராது, நாலாவது பக்கம் பாருங்க. அதோட, சூடாகி ரொம்ப தூரம் ஓட்டியிருக்கீங்க” என்றார். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருப்பதுதான் ஹெட் கேஸ்கட். எஸ்டிமேட் 74,000 ரூபாய். சரி என்று சொன்னால் அன்றைக்கே என்ஜினைப் பிரித்துவிடுவதாகவும் சொன்னார்.

பிரிக்கச் சம்மதிக்கவில்லை. என்ஜினைப் பிரித்துவிட்டால், பழுது எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சாது. பிரித்தவர் சொல்வதுதான் சான்றாகிவிடும். ஆகவே என் தரப்பு மெக்கானிக்கின் முன்னிலையில் மட்டுமே பிரிக்க வேண்டும், அதற்கு முன் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்துப் பதிவுகளை எடுத்து ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப்பின் வேலைப் பதிவுத் தாள்) எழுத வேண்டும், கழற்றும் பழைய பாகங்கள் அனைத்தையும் என்னிடம் தர வேண்டும் என்று அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றே மின்னஞ்சலில் திரும்ப எழுதி, “தாங்கள் இவ்வாறு கூறினீர்கள்” என்று உறுதிப்படுத்தக் கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். அவர் மறுத்து எழுதாத வாசகங்கள் பின்னால் ஆவணங்களாயின.

ஸ்கேனரில் P0217 என்ற பழுதுக் குறியீடு இருந்தது. குளிர்விப்பு நீர் அளவுக்கு மீறிச் சூடானதைக் குறிக்கும் பொதுவான குறியீடு அது. அந்தக் குறியீடு பதிவான நொடியில் வண்டியின் வேகம், என்ஜின் சுழற்சி, வெப்பநிலை ஆகியவற்றையும் கணினி சேமித்து வைத்திருக்கும். அவற்றோடு, எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் வண்டி ஓடிய தூரம் என்று ஒரு தகவலும் கிடைக்கிறது. பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரிலேயே இதைப் படிக்கலாம். அதில் ஒரு கிலோமீட்டர்கூடப் பதிவாகவில்லை. திரையைப் படம் எடுத்து, அந்தத் தகவலை ஜாப் கார்டிலும் எழுதச் சொல்லி, மேலாளரின் கையொப்பத்தையும் வாங்கினேன். “ரொம்ப தூரம் ஓட்டியிருக்கீங்க” என்ற வாதம் அதன்பின் எழுத்தில் ஒருமுறையும் வரவில்லை.

என் மெக்கானிக் முப்பது ஆண்டுகளாகப் பெட்ரோல் என்ஜின்களில் வேலை செய்பவர். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் நீல நிறத் திரவம் ஊற்றி, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தார். எரிந்த வாயு குளிர்விப்பு நீரில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். எங்கள் கண்முன்னே அது மாறியது. பிறகு கூலன்ட் (குளிர்விப்பு நீர்) தொட்டியின் அடியில் விரலை விட்டு வழித்து எடுத்துக் காட்டினார். பழுப்பு நிறச் சேறு போன்ற ஒன்று. வெயிலில் காட்டியபோது அதற்குள் பொடிப்பொடியாக மின்னும் துகள்கள் தெரிந்தன. “கசிவை அடைக்கிற மருந்து ஊத்தியிருக்காங்க தம்பி, இது புதுசா ஊத்தினது இல்ல, காய்ஞ்சு படிஞ்சிருக்கு பாரு” என்றார். கசிவைத் தற்காலிகமாக அடைக்கும் அந்தக் கலவையை ஊற்றி ஒப்பேற்றிய வண்டி, சமதளத்தில் சில மாதங்கள் ஓடும்; மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஹெட்டைக் கழற்றியபோது, இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட்டின் உலோக வளையம் எரிந்து, கறுப்புக் கோடு ஒன்று நீர்ப்பாதை வரை நீண்டிருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டத்தைக் குறுக்காக வைத்து, இடைவெளியை அளக்கும் பீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தோம். அந்த என்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர். 0.15 தகடு தடையின்றி நுழைந்தது. ஹெட் வளைந்துவிட்டது என்பதில் மேலாளருக்கும் மறுப்பு இல்லை. இருப்பினும், கேஸ்கட் போனதால் சூடாகி, சூட்டால்தான் ஹெட் வளைந்தது; மூலக் காரணம் கேஸ்கட் என்பதால் எல்லாமே வாரண்டிக்கு வெளியே என்று எழுதிக் கொடுத்தார். ஹெட் முன்பே வளைந்திருந்ததால்தான் கேஸ்கட்டின் மீதான அழுத்தம் குறைந்து அது எரிந்தது என்பது எங்கள் வாதம். இயந்திரவியல்படி இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆகவே எது முந்தியது என்பதற்கு வேறு சான்று தேவைப்பட்டது.

அந்தச் சான்று அந்த வண்டி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கிடைத்தது. என் பெயருக்கு மாறிய ஆர்.சி.யின் நகலைக் கொடுத்து, சேஸிஸ் எண்ணுக்குரிய சர்வீஸ் வரலாற்றைக் கேட்டேன், அச்செடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், முந்தைய உரிமையாளர் “கூலன்ட் குறைகிறது” என்று புகார் கொடுத்திருக்கிறார். நிலையம் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கப் பரிந்துரைத்திருக்கிறது. “வாடிக்கையாளர் ஒப்புதல் தரவில்லை” என்று அந்தப் பதிவு முடிகிறது. இந்தத் தாளை, “குளிர்விப்பு அமைப்பு: கசிவு இல்லை” என்று டிக் அடித்திருந்த ஷோரூமின் பரிசோதனை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, விஷயம் வாரண்டியோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. பழுதுள்ள பொருளைப் பழுதில்லாதது என்று எழுதி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைக்குள் வருகிறது. ஒரு குடும்பம் மலைப்பாதையில் நம்பி ஏறும் வண்டியைப் பற்றி அப்படி ஒரு டிக் போடுவது எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத செயல்.

வழக்கு முடியும்வரை வண்டியைப் பிரித்த நிலையிலேயே விட்டுவைக்க முடியாது. உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரை வரவழைத்து, கட்டணம் கொடுத்து, படங்களுடன் அறிக்கை வாங்கினேன். அதன் பிறகே வண்டியை என் மெக்கானிக்கின் பட்டறைக்கு மாற்றினேன். கணபதி பகுதியில் ஒரு லேத்தில் ஹெட் பேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது) செய்து, வால்வு சீல், கேஸ்கட், ஹெட் போல்ட்டுகள், வாட்டர் பம்ப் புதிதாகப் போட்டு, ரேடியேட்டரையும் மாற்றியதில் 52,300 ரூபாய் ஆனது. எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் வாங்கினேன். பழைய கேஸ்கட்டும் போல்ட்டுகளும் ஒரு பையில் சீட்டு ஒட்டிப் பத்திரமாக இருந்தன.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அது நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும் அமைப்பு. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் அங்கே ஷோரூம் கொடுத்த பதிலில், “வாரண்டியை நிர்வகிப்பது வேறு நிறுவனம், எங்களுக்குப் பொறுப்பு இல்லை” என்ற புது வாதம் எழுத்தில் வந்தது. ஆகவே வழக்கறிஞர் மூலம் அனுப்பிய நோட்டீஸிலும், பிறகு மனுவிலும், ஷோரூமை முதல் எதிர்தரப்பாகவும் வாரண்டி நிறுவனத்தை இரண்டாம் எதிர்தரப்பாகவும் சேர்த்தோம். பெயர்ப்பலகையில் இருப்பது பெரும்பாலும் வணிகப் பெயர் மட்டுமே. ரசீதில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தபோது சட்டப்படியான பெயரும் முகவரியும் வேறாக இருந்தன. நோட்டீஸ் தவறான பெயருக்குப் போயிருந்தால் அதை வைத்தே காலம் கடத்தியிருப்பார்கள். மேலும், பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்த அங்கீகாரச் சான்றின் நகலையும் நோட்டீஸில் கேட்டோம்.

ரசீதின் அடியில் “சென்னை நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது” என்று சிறிய எழுத்தில் இருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க இடம் தருகிறது. ஆகவே கோயம்புத்தூரிலேயே தாக்கல் செய்தோம். எந்த ஆணையத்துக்குப் போவது என்பதும், கட்டணம் எவ்வளவு என்பதும், நாம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தவை அல்ல. பொருளுக்கு நாம் கொடுத்த விலையைப் பொறுத்தவை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை என்பதால் எனக்குக் கட்டணம் வரவில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நான் நுகர்வோர் மனுக்களுக்கான இ-தாக்கில் இணையதளத்தில் பதிந்தேன். 2025-இல் அதன் இடத்துக்கு இ-ஜாக்ரிதி வந்துவிட்டது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. எதிர்தரப்பு இரண்டாக இருந்ததால் நான் ஒருவரை வைத்துக்கொண்டேன்.

மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போனபின், எதிர்தரப்பு 30 நாட்களுக்குள் பதிலுரை தர வேண்டும். ஆணையம் கூடுதலாக 15 நாட்கள் தரலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. ஷோரூம் தரப்பு கூடுதல் நாட்களையும் கேட்டு வாங்கி, கடைசி நேரத்தில் பதிலுரை கொடுத்தது. டெலிவரி நோட்டில் “வண்டியை ஓட்டிப் பார்த்து, இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று நான் கையொப்பமிட்டிருப்பதே அவர்களது முதன்மை வாதம். எழுத்தில் வாரண்டி கொடுத்துவிட்டு, இருக்கும் நிலையில்தான் விற்றோம் என்று சொன்னால் வாரண்டிக்கே பொருளில்லாமல் போகும் என்று எங்கள் வழக்கறிஞர் பதில் சொன்னார். ஒரு பக்கத்தில் சிலிண்டர் ஹெட்டைச் சேர்த்து, இன்னொரு பக்கத்தில் கேஸ்கட்டைக் காரணம் காட்டி அதை விலக்கும் விதிமுறையில் ஐயம் இருந்தால், எழுதியவருக்கு எதிராகவே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். சர்வீஸ் வரலாற்றைப் பற்றிப் பதிலுரையில் ஒரு வரியும் இல்லை.

அடுத்த அமர்வில் ஆணையம், சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குச் சம்மதமா என்று இரு தரப்பையும் கேட்டது. எழுத்தில் சம்மதம் கொடுத்தோம். மத்தியஸ்தர் முன்னால் ஷோரூமின் மேலாளரே வந்திருந்தார். பாதித் தொகையில் தொடங்கினார்கள். நான் பரிசோதனை அறிக்கையையும் சர்வீஸ் வரலாற்றையும் மேசையில் வைத்து, இந்த இரண்டு தாள்களும் தீர்ப்பில் இடம்பெறுவதை விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். பழுதுபார்ப்புச் செலவு முழுவதும், ரெக்கவரி வேன் செலவும் சர்வேயர் கட்டணமும் அவர்கள் தருவது; மன உளைச்சலுக்காக நான் கேட்டிருந்த 50,000 ரூபாயை நான் விட்டுக்கொடுப்பது; வண்டி பட்டறையில் நின்ற நாட்களுக்கு ஈடாக கியர்பாக்ஸுக்கான வாரண்டியை நீட்டித்துக் கடிதம் கொடுப்பது என்று முடிவானது. இழப்பீட்டை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மேல்முறையீடு, மாநில ஆணையம் என்று இன்னும் சில ஆண்டுகள் அலைவதை வீட்டில் யாரும் விரும்பவில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்களை வலியுறுத்திச் சேர்த்தோம். பணம் என் கணக்கில் வரவான பிறகே வழக்கு முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது ஒன்று. குறித்த தேதிக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு ஒன்பது சதவீத வட்டி என்பது மற்றொன்று. ஆணையம் அந்தச் சமரசத்தைத் தன் உத்தரவாகவே பதிவு செய்ததால், அதை மீறினால் உத்தரவை மீறியதாகும். 72-ஆவது பிரிவின்படி அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. பணம் கெடுவுக்கு முன்பே வந்து சேர்ந்தது. வாரண்டி நீட்டிப்புக் கடிதத்துக்கு மட்டும் இன்னொரு முறை நினைவூட்டி எழுத வேண்டியிருந்தது. அதுவும் அடுத்த வாரம் தபாலில் வந்தது.