பொதி மேலாளருக்கு ஒரு ஸ்கிரிப்ட் மொழி: லுவா வரை வந்த வழி

மூலநிரலிலிருந்தே கட்டி எழுப்பும் என் சிறிய லினக்ஸ் அமைப்புக்காக சி மொழியில் ஒரு பொதி மேலாளரை, அதாவது மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியை, எழுதி வருகிறேன். பொதியை விரிப்பது, கோப்புப் பட்டியலைப் பதிந்து வைப்பது, நீக்குவது ஆகியவை ஓடத் தொடங்கிவிட்டதால், ஒவ்வொரு பொதியின் விவரங்களையும் அதைக் கட்டும் படிகளையும் சொல்லும் செய்முறைக் கோப்புகளை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் எடுத்தது, முனையக் கட்டளைகளை இயக்கும் ஷெல். ஆர்ச் லினக்ஸின் செய்முறைக் கோப்புகளான பிகேஜிபில்டுகளைப் போல, முனையத்தில் தட்டச்சு செய்யும் கட்டளைகளை அப்படியே எழுதிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் ஒரு பொதியின் பதிப்பையும் சார்புகளையும் (அதற்குத் தேவையான பிற பொதிகளையும்) அறிய வேண்டுமென்றாலே கோப்பு முழுவதையும் இயக்கியாக வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் எழுதிய கோப்பாயின் அது ஆபத்து. ஆர்ச் பயனர் களஞ்சியம் விவரங்களை மட்டும் தாங்கிய தனிக் கோப்பொன்றை உடன் அனுப்பச் சொல்வதும், ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கல் அந்த விவரங்களை முன்கூட்டியே கணித்துச் சேமித்து வைப்பதும் இந்தச் சிக்கலைச் சுற்றிச் செல்லும் வழிகள்தாம். எனக்கு அந்தச் சுற்று வேண்டியிருக்கவில்லை.

பைத்தானில் எழுதினால், பைத்தானைப் புதுப்பிக்கும் கருவியே பைத்தானை நம்பி நிற்கும். தவிர, அந்நியக் கோப்பு எல்லை மீறாதபடி அதன் உள்ளே நம்பத்தக்க வேலி எதையும் போட முடியாது. குனு கீக்ஸ் என்ற பொதி மேலாளர் பயன்படுத்தும் கைல் ஸ்கீம் மொழி மிகவும் பிடித்திருந்தது. எனினும் அதற்கு முன்பே ஜிஎம்பி, லிப்யூனிஸ்ட்ரிங் போன்ற பல நூலகங்களைக் கட்ட வேண்டியிருந்ததால், வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

பிற நிரல்களுக்குள் பதிக்க ஏற்ற சிறிய ஸ்கிரிப்ட் மொழியான லுவாவை, ஆர்பிஎம் என்ற பொதி மேலாளர் ஏற்கெனவே தன்னுள் பொதித்து வைத்திருக்கிறது. வெறும் வட்டில் ஷெல்கூட வந்து சேராத நிலையில் ஓட வேண்டிய நிறுவல் ஸ்கிரிப்டுகளுக்கு அது கைகொடுக்கிறது. எனக்கும் அதே தேவை இருந்தது. கோப்புகளையும் இயங்குதளத்தையும் அணுகும் 'ஐஓ', 'ஓஎஸ்' நூலகங்களையும் பிற கோப்புகளை ஏற்றும் 'பேக்கேஜ்' நூலகத்தையும் ஏற்றாமலேயே விட்டு, அடிப்படை நூலகத்தின் 'டூஃபைல்', 'லோட்ஃபைல்' செயற்கூறுகளையும் நீக்கிவிட்டால், செய்முறைக் கோப்பு வட்டைத் தொட முடியாது. கோப்பை ஏற்றும்போது உரை வடிவம் மட்டுமே ஏற்கப்படும் என்று குறிப்பது கட்டாயம், ஏனெனில் தீய நோக்குடன் புனைந்த பைட்கோடு (முன்பே மொழிமாற்றிய இரும வடிவம்) லுவா மொழிபெயர்ப்பியையே கவிழ்த்துவிடும். முடிவில்லாச் சுழல்களை, இயங்கும் கட்டளைகளை எண்ணி, குறித்த எண்ணிக்கையில் குறுக்கிடும் கொக்கியைக் (hook) கொண்டு நிறுத்தினேன். ஆனால் சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைச் செயற்கூறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கொக்கி குறுக்கிடாது. ஒரு சரத்தைப் பல கோடி முறை திரும்ப எழுதச் சொல்லும் ஒற்றை வரியே நினைவகத்தை விழுங்கிவிடும் என்பதால், வரம்புள்ள நினைவக ஒதுக்கியைத் தனியே எழுதிக் கொடுத்தேன்.

திறவுச்சொல்லோடு மதிப்பைச் சேர்த்து வைக்கும் அட்டவணையின் உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு லுவா உறுதி அளிப்பதில்லை. பொதி விவரங்களைப் பதியும் தரவுத்தளக் கோப்பு ஒவ்வொரு முறையும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதால், எழுதுவதற்கு முன் திறவுச்சொற்களை அகரவரிசைப்படுத்துகிறேன்.

கட்டும் படிகளை மட்டும் லுவாவுக்கு மாற்றவில்லை. அவை செய்முறைக் கோப்பின் உள்ளே சரமாக இருந்து, தனிமைப்படுத்திய அடைவில் ஷெல்லுக்கே செல்கின்றன. நான்கு கட்டளைகளை லுவாவில் சுற்றி எழுதுவது வீண் பகட்டு. நிறுவிய பின் ஓடும் பகுதிக்கு, குறியிணைப்பு, அடைவு உருவாக்கம், அனுமதி மாற்றம் ஆகியவற்றை சி செயற்கூறுகளாக வழங்கியுள்ளேன். புதிய பயனர் கணக்கை இலக்கு வட்டில் சேர்க்கும் செயற்கூறு பாதியில் நிற்கிறது.